மாரியக்கா பென்சிலில் எழுதிய எண்

மாரியக்கா இறந்த செய்தி எங்கள் வாசகசாலையின் வாட்ஸ்அப் குழுவில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் தாமதமானது. செய்தி கிடைக்காமல் அல்ல. காலை ஏழு மணிக்கே அவருடைய தம்பி ஏரலிலிருந்து எனக்குப் போன் செய்து, "அக்கா போயிட்டா அண்ணாச்சி, தூக்கத்துலயே" என்று சொல்லிவிட்டார். அந்தக் குழுவிலிருக்கும் எண்களில் பாதியைப் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இதை எந்தச் சொல்லில் சொல்வது என்று நிர்வாகிகள் மூவர் தனியாக விவாதித்தார்கள். 'காலமானார்' எட்டு வயதுக்குப் புரியாது என்றார் ஒருவர். 'இறந்தார்' புரிந்துவிடும் என்று கவலைப்பட்டார் இன்னொருவர். 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டால் எந்த இறைவன் என்று கேட்பார்கள் என்றார் மூன்றாமவர். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி. கடைசியில் 'நம் மாரியக்கா நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று போட்டார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை, 'எந்த லைப்ரரிக்குப் போறாங்க?' என்று கேட்டிருந்தது.

எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தீர்மானிப்பதையே இருபத்திரண்டு வருடம் வேலையாகச் செய்தவருக்கு இது பொருத்தமான அஞ்சலிதான். பிறகு நானே அந்தப் பிள்ளைக்குப் பதில் போட்டேன்: 'மாரியக்கா இறந்துவிட்டார்.' அக்காவும் அப்படித்தான் போட்டிருப்பார். ஆனால் அது கடைசிப் பன்னிரண்டு வருடத்து அக்கா. அதற்கு முந்தைய அக்கா வேறு ஆள். பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்ட புத்தகத்தை முந்தையவர் கொடுக்க மறுத்தார். அதிலிருந்து பிந்தையவர் உண்டானார். இரங்கல் கூட்டத்தில் பேசிய எட்டுப் பேரும், என்னையும் சேர்த்து, முந்தையவரைப் பற்றியே பேசினார்கள். உங்களில் பலருக்கும் அவரைத்தான் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பு வியாபாரி ஒருவர் தன் தாயார் நினைவாக ஏற்படுத்திய அறக்கட்டளையின் வாசகசாலை எங்களுடையது. தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் வாசலில் பெரிதாக இருக்கிறது. கீழே பெரியவர்கள் பகுதி என் பொறுப்பு. மாடியில் பிள்ளைகள் பகுதி, சந்தனமாரி என்கிற மாரியக்காவின் பொறுப்பு. ஏரல் பக்கத்தில் ஒரு நெல் வயல் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் இதை அவருடைய சாதனைகளோடு சேர்த்துச் சொன்னார்கள்.

மாடிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஓர் அட்டை வைத்திருந்தார். முன்பக்கம் பேனாவில் ஓர் எண். பின்பக்கம் பென்சிலில் ஓர் எண். முன்பக்கத்து எண், அந்தப் பிள்ளை எத்தனை வயதுக்காரர்களின் புத்தகத்தை வாசிக்கும் என்பது. பின்பக்கத்து எண், எத்தனை வயதுக்காரர்களுக்கு உரிய விஷயத்தைத் தாங்கும் என்பது. "வாசிக்குத வயசு வேற, தாங்குத வயசு வேற தம்பி. ரெண்டும் ஒண்ணா வளந்துட்டா என்னை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்காங்க?" என்பார். சாதாரணப் பிள்ளைகளுக்கு இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்பது வயதில் பன்னிரண்டு வயதுப் புத்தகத்தை விழுங்குகிற கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அவருக்குக் கவலை. "பல்லு மொளைச்சிட்டு, குடலு வளரல. அந்தப் பிள்ளைக்கு என்னத்தக் குடுக்க?" இரண்டு எண்ணும் முட்டிக்கொண்டால் சின்னதுதான் ஜெயிக்கும். அது அவருடைய சட்டம்.

முன்பக்கத்து எண்ணைப் பெற்றோர்கள் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஓர் அம்மா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். நான் அப்போது மேலே இருந்தேன்.

"எங்க பையனுக்குப் பதிமூணு போட்டிருக்கிய. எதுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினஞ்சு. ரெண்டும் ஒரே டியூசன்தான் போவுது."

"இது மார்க்கு இல்லம்மா."

"மார்க்கு இல்லன்னு தெரியுது. அப்பம் ரெண்டு கூட்டிப் போட்டா ஒங்களுக்கு என்ன நட்டம்?"

"சரி, பதினஞ்சுன்னே போடுதேன். பதினஞ்சு வயசுப் பய எதையெல்லாம் வாசிப்பான்னு தெரியும்லா?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பதிமூணே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பென்சில் எண்ணைப் பெற்றோர்களுக்குக் காட்ட மாட்டார். அதற்குப் பதிலாகச் சில புத்தகங்களோடு ஒரு துண்டுச் சீட்டு வீட்டுக்குப் போகும். 'பக்கம் 78இல் நாய் இறந்துவிடும். அந்தப் பக்கம் வாசிக்கும்போது வீட்டில் ஒரு பெரிய ஆள் இருக்கவும்.' இந்தச் சீட்டுகளைச் சில அப்பாக்கள் கேலி செய்தார்கள். அவர்களில் ஒருவர், தன் மகள் அந்தப் பக்கத்துக்கு வந்த நாளில் துறைமுகத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்தார் என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அதனால் சொல்கிறேன்.

பென்சில் எண்ணைக் கண்டுபிடிக்க அவர் ஒரு கதை வைத்திருந்தார். வலையில் சிக்கிய ஓர் ஆமை, கரைக்கு வந்து சேரும்போது செத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. சொல்லி முடித்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். "செத்துட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளைக்கு ஓர் எண். "வலை யாரோடது?" என்று கேட்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய எண். அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு கதை கேட்கிற பிள்ளைகளுக்கு எல்லாரையும்விடப் பெரிய எண். "அழுதுட்டு எந்திரிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு எதையும் குடுக்கலாம்" என்பார். வெளியூர் நூலகர்கள் வந்து இந்த முறையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அறக்கட்டளை ஒரு கையேடு அச்சடித்தது. அதில் செயலாளரின் படம் நான்கு இடத்தில் இருந்தது. மாரியக்காவின் பெயர் நன்றியுரையில் இருந்தது, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்தவரின் பெயருக்கு அடுத்ததாக.

ஜெனோவா மாடிக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அவள் அப்பா தொம்மை சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிறது. விருந்தாளிகளுக்கு நாங்கள் இன்னும் முத்து நகரம். இப்போது கடலுக்கு அடியில் இறங்குகிறவர்கள் எடுத்து வருவது சங்கு. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். முன்பெல்லாம் மூச்சுப் பிடித்து இறங்கியதால், மூச்சு முடிந்ததும் மேலே வந்தே ஆக வேண்டும். குழாய் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. இதை முன்னேற்றம் என்கிறார்கள்.

ஜெனோவா ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தாள். அக்கா முன்பக்கத்தில் பதினான்கு என்று எழுதினார். மாடியில் அதுவரை பத்து வயதில் யாரும் வாங்காத எண். பிறகு ஆமைக் கதையைச் சொன்னார். அவள் அழவில்லை. வலை யாருடையது என்றும் கேட்கவில்லை.

"ஆமைக்கு எத்தன நிமிசம் மூச்சு நிக்கும்?" என்று கேட்டாள். பிறகு, "கீழ இருந்து சட்டுன்னு மேல வந்தா அதுக்கு ஒண்ணும் செய்யாதாக்கா?"

அக்கா பின்பக்கத்தில் எட்டு என்று எழுதினார். அன்று மாலை டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "அறிவு ஓடுது தம்பி. மனசு இன்னும் தவழுது. ஆமை செத்தது அவளுக்கு ஒறைக்கவே இல்ல, கணக்குல்லா கேக்கா."

நானும் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஜெனோவா கீழே வந்து என் அலமாரிகளுக்கு நடுவில் நின்றாள். பன்னிரண்டுக்கு மேல் எண் வாங்கிய பிள்ளைகள் கீழே வந்து பார்க்கலாம், எடுக்கக் கூடாது. கடலடியில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் உடல் கேடுகளைப் பற்றித் தமிழில் வந்த தடித்த கையேடு ஒன்று அங்கே இருந்தது. ஓய்வு பெற்ற ஒரு கப்பல் மருத்துவர் தன் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த மூட்டையில் வந்தது. எங்கள் ஊரில் அதை எடுத்து வாசிக்க வேண்டியவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் வாசகசாலைக்கு வருகிறவர் இல்லை.

"சார், இது எனக்கு வேணும்."

"இது பெரியவங்க புக்கும்மா. மாரியக்காட்ட கேளு."

அக்கா அந்தப் புத்தகத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு முழுக்க வாசித்தார். நடுவில் முப்பது பக்கம் படங்கள். கால் சூம்பிப்போன ஆண்கள், முதுகில் படுக்கைப் புண், சிறுநீருக்குப் போட்ட குழாய். மூன்றாம் நாள் அதை மேலே தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பதினாலுக்குக் குடுக்கலாம். எட்டுக்கு எப்படிக் குடுக்க? பிள்ளை பயந்து போயிரும்" என்றார். அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். எங்கள் வாசகசாலையில் அந்தப் பொய் என் கண்டுபிடிப்பு. பல வருடம் பல பேருக்குப் பயன்பட்டது.

ஜெனோவா நான்கு முறை கேட்டாள். நான்காவது முறை நானும் இருந்தேன்.

"இன்னும் வரலியாக்கா?"

"வரலியே மக்கா."

"பைண்டிங் போடுத கடை எங்கன இருக்கு? நான் போயி அங்கனயே நின்னு வாசிச்சிட்டு வந்திருதேன்."

அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கடல் பிராணிகளைப் பற்றி வழுவழுப்பான தாளில் படம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஏன் அந்தப் புத்தகம் வேண்டும் என்று நாங்கள் இருவரும் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, கண்டதையும் கேட்கும்.

அந்தச் சங்கு சீசன் முடிவதற்குள் அவள் வருவது நின்றது. கீழே தினமும் பேப்பர் வாசிக்க வருகிற வள்ளத்துக்காரர் ஒருவர் ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நம்ம தொம்மைக்குக் காலு போயிட்டு அண்ணாச்சி. ரெண்டு காலும்."

"என்ன ஆச்சு?"

"மாசக்கணக்கா தோள்ல வலி, முட்டுல வலின்னு கெடந்தான். வாயுன்னு பூண்டு தின்னான். வலிச்சா திரும்ப எறங்குவான், எறங்குனா வலி விட்டுரும். 'கடல்தாம்லே மருந்து'ம்பான். போன வியாழக்கெழம மேல வந்தவன் வள்ளத்துலயே விழுந்துட்டான். திரும்பவும் தண்ணிக்குள்ள எறக்கிப் பாத்திருக்கானுவ. கேக்கல. வீட்டுல கொண்டு போட்டு, பொண்டாட்டி எண்ணெய் தேச்சிருக்கா. மறுநாளு மூத்திரம் போவலன்ன பெறவுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்குனது. இனி ஒண்ணும் செய்யதுக்கில்லன்னுட்டாங்க."

நான் மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை, முழுக்க வாசித்தவர். ஏறி வந்தபின் மூட்டில் வலி வந்தால் அது வாயு அல்ல, ஆழத்திலிருந்து சட்டென்று ஏறியதால் வந்த கேடு, மறுபடி இறங்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அங்கே போட்டிருந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற தமிழில் போட்டிருந்தது. பிறகு அட்டைப் பெட்டியிலிருந்து ஜெனோவாவின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, எட்டு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ ஆமையவா தம்பி கேட்டா?" என்றார்.

அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். செயலாளர் காதுக்கு எட்டியதும் மூன்று பேர் கொண்ட அவசரக் கூட்டம் நடந்தது. டீயும் பஜ்ஜியும் வந்தன.

"இதுல நம்ம மேல என்னம்மா தப்பு?" என்றார் செயலாளர். "வயசுக்கு மீறுன புஸ்தகத்தக் குடுக்கல. கையேட்டுல போட்டிருக்கபடிதானே செஞ்சிருக்கிய."

"ஆமா சார். அச்சடிச்சபடிதான் செஞ்சேன்."

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"பெறவென்ன?"

"பெறவு நான்தான சொல்லணும்."

"சொன்னா அந்த ஆளு எந்திரிச்சு நடக்கப் போறாரா?"

நானும் சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னேன். செயலாளர் வாசகசாலையின் பெயரை நினைத்தார். என்னுடைய காரணம் அதைவிட உயர்ந்தது. "பிள்ளை தாங்காதுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "அந்த முடிவ நம்ம ஒருக்கா எடுத்தாச்சு தம்பி."

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். கடற்கரையை ஒட்டிய தெரு. ஒற்றை அறை வீடு. மாதா படத்துக்குக் கீழே கட்டிலில் தொம்மை படுத்திருந்தார். நல்ல அகலமான தோள். இடுப்புக்குக் கீழே போர்வை அசையாமல் கிடந்தது. ஜெனோவாவின் அம்மா எங்களுக்கு ஸ்டூல் போட்டு, கடுங்காப்பி கொடுத்தார். ஜெனோவா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஸ்டூலில் உட்காராமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினார்.

"இது பைண்டிங்குக்குப் போகல மக்கா. மேல என் அலமாரியிலதான் இருந்துச்சு. ஒனக்குத் தாங்காதுன்னு நான்தான் குடுக்கல. பொய் சொன்னேன்."

ஜெனோவா உள்ளடக்கத்தைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, உட்கார்ந்தபடியே வாசித்தாள். இரண்டு பக்கம். கடுங்காப்பி ஆறிப்போனது.

"ஏளா, என்ன போட்டிருக்கு?" என்றார் தொம்மை.

"வலி வந்தா எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

தொம்மை கூரையைப் பார்த்துச் சிரித்தார். "புக்குல போட்டிருந்தா மட்டும் நான் கேட்டிருக்கவா போறேன்? குருசு வச்சுச் சாமியாரு சொன்னதையே கேட்டதில்ல. நீங்க மனசப் போட்டு ஒழட்டாதிய டீச்சர்."

"கேட்டிருப்பிய" என்றாள் ஜெனோவா. "நான் வாசிச்சுச் சொன்னா கேப்பிய."

தொம்மை இடுப்புக்கு மேலே இருந்த உடம்பை மட்டும் சிரமப்பட்டுத் திருப்பி, சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பின்பக்கத்து எண் என்னவென்று விளக்கினார். ஒரு நூலகர் தன் வாசகருக்குத் தரக்கூடிய விளக்கங்களில் அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

"எட்டுன்னு எத வச்சுப் போட்டிய?"

"ஆமைக்கு நீ அழலன்னு."

"அழுதிருந்தா புக்கு குடுத்திருப்பியளா?"

"குடுத்திருப்பேன்."

ஜெனோவா அதை யோசித்தாள். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் வரல." புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அவர் மனம் ஆறட்டும் என்று நான் சொன்னேன்: "அவரே கேட்டிருக்க மாட்டேன்னுட்டாருல்லாக்கா."

"அவரு சொன்னது எனக்குக் குடுத்த மரியாதை. அவ சொன்னதுதான் நெசம்" என்றார். ஏரல் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் ஓர் அழிரப்பரை வைத்துக்கொண்டு எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் அழித்தார். செயலாளர் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார். "அழிஞ்சுட்டு சார். பென்சில்தான" என்றார் அக்கா. கையேட்டின் இரண்டாம் பதிப்பு அப்போது அச்சிலிருந்தது. அது திட்டமிட்டபடி வெளிவந்தது. இப்போதும் வாசகசாலையில் இலவசமாகக் கிடைக்கும்.

எண்ணுக்குப் பதிலாக அவர் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டார். வயதுக்கு மீறிய புத்தகத்தை ஒரு பிள்ளை கேட்டால், "இது யாருக்கு மக்கா?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பிள்ளைகள் சும்மா என்று சொல்லும். சில பிள்ளைகள் சொல்லாது. அப்போது டீ ஆறிப் போகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில பிள்ளைகள் சொல்லும். வீட்டில் பூட்டி வைத்திருக்கும் அக்காவுக்கு என்று ஒரு பிள்ளை மனநோய் பற்றிய புத்தகத்தைக் கேட்டது. உப்பளத்தில் கண் போய்க்கொண்டிருக்கும் அம்மாவுக்கு என்று ஒரு பிள்ளை கேட்டது. "எல்லாப் பிள்ளையும் தனக்காகத்தான் வாசிக்குன்னு நெனச்சிருந்தேன் தம்பி. கெட்டிக்காரப் பிள்ளை வீட்டுக்கே சேத்து வாசிக்கும். வீட்டுல வேற ஆளில்லல்லா" என்று ஒருமுறை சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தார்; கொடுத்துவிட்டு அவர்கள் வாசித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். ஏரலுக்குப் போகிற பஸ்களைப் பல முறை தவறவிட்டார்.

அவர் அதற்குப் பிறகு தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கொடுத்த ஒரு புத்தகத்தை வாசித்த பையன் ஒருவன் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தான். அவனுடைய தாத்தா வந்து மாடியில் நின்று கத்தினார். அக்கா அந்த வீட்டுக்கும் போனார்.

தொம்மை மூன்று வருடம் இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த வீட்டுக்குப் போய் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிவிட்டு வருவார். தொம்மைக்கு அரசியல் செய்தி பிடிக்கும், யாரையாவது திட்டலாம். அக்கா உள்ளே நுழையும்போது ஜெனோவா எழுந்து வெளியே போய்விடுவாள். மூன்று வருடமும் அப்படித்தான். படுக்கைப் புண்ணில் கிருமி ஏறி அவர் இறந்தபோது மாதா கோயிலில் அக்கா கடைசி வரிசையில் நின்றார். ஜெனோவா அவரைக் கடந்து போனாள். அக்காவும் அவளைக் கூப்பிடவில்லை.

மாடியில் ஒவ்வொரு வருடமும் உறுப்பினர் அட்டைகளைப் புதுப்பிக்கும்போது அக்கா ஜெனோவாவின் அட்டையையும் புதுப்பித்தார். ஒரு முறை நான் அதைப் பார்த்துவிட்டேன். "வந்தா இருக்கணும்லா" என்றார். அவள் வரவில்லை.

அக்கா இறந்த அன்று, குழுவில் செய்தி போட்ட பிறகு, ஜெனோவாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். நான் யாரென்று சொன்னதும் நினைவிருக்கிறது என்றாள்.

"மாரியக்கா தவறிட்டாங்கம்மா."

"கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. தூக்கத்துல."

"சரி."

"மூணு மணிக்கு எடுக்காங்க. ஏரல் பக்கத்துல."

"நான் வரல சார்." பிறகு அவளே கேட்டாள்: "அவங்க மேல கோவம் இல்லன்னு சொல்லுவேன்னு நெனச்சுப் போன் போட்டியளா?"

அதற்காகத்தான் செய்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

"கோவம் இருக்கு. போகாது. ஆனா ஒண்ணு. அப்பா விழுந்த பெறவு எங்க வீட்டுக்கு வந்து, 'நான்தான்'னு சொன்ன ஒரே பெரிய ஆளு அவங்கதான். வள்ளத்துக்காரன் வரல. கம்ப்ரசர்காரன் வரல. வலிக்குன்னு தெரிஞ்சும் கூட்டிட்டுப் போன ஒருத்தனும் வரல. நீங்க கூட வந்திய, ஆனா நீங்க ஒண்ணும் சொல்லல. கூட்டம் கீட்டம் போட்டா இத அங்க சொல்லுங்க."

கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பொன்னாடை மரியாதைக்கு ஐந்து நிமிடம். ஜெனோவா சொல்லச் சொன்னதையும், பைண்டிங் பொய் என்னுடையது என்பதையும் அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். ஜெனோவாவுக்கும் இதன் ஒரு பிரதியை அனுப்புகிறேன்.

மாடியை இப்போது நான் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: தங்கள் வயதுக்கு மீறியதைக் கேட்கிற பிள்ளைகளிடம் யாருக்கு என்று கேட்கிறேன்; பதில் வந்த பிறகு புத்தகத்தை மறைப்பதில்லை. கொடுத்ததோ கொடுக்காததோ தவறாகப் போனால், அந்த வீட்டுக்கு நானே போக வேண்டும். இதுவரை அப்படிப் போகும்படி நேரவில்லை. நேர்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டாலும் உட்காராமல், தரையில் உட்கார்ந்து முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதை அவர் எப்படிச் சொன்னார் என்பதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.